இருட்டு சீனில் ஒரு விரல்

— ...அப்புறம் என்ன, போலீசு வந்து தம்பிக்காரன் கையில வெலங்கை மாட்டிருச்சு. கோர்ட்டு, தூக்கு. படம் முடிஞ்சுபோச்சு.

— அம்புட்டுத்தானா மச்சான்?

— அம்புட்டுத்தான். கடைசியில சப்புன்னு போச்சு. ஆனா அதுக்கு முன்னால இருக்கு பாரு, பங்களாவும் மழையும்... அதுக்கே காசு செரிச்சுப்போச்சு.

— நடுவுல என்னமோ விட்டுட்டீங்க.

— நான் விட்டேனா? அடேய் நாகராசு, இந்த டிரைவர் ரெங்கசாமி ஒரு படம் பாத்துட்டு வந்து கதை சொன்னா, ஒரு ரீலு சிந்தாதுன்னு திருமயம் பஸ் ஸ்டாண்டே சொல்லும்.

— பஸ் ஸ்டாண்டுல இருக்குறது டீக்கடைத் திருப்பதியும் நானும். திருப்பதிக்குக் காது கேக்காது.

— அப்ப நீ சொல்லு! டிக்கெட் கிழிக்கிற கண்டக்டருக்கு வாய்க்கு மட்டும் கொறைச்சல் இல்ல. ட்ரிப்பு எடுக்க நேரம் கெடக்கு, நீயே இன்னொரு தரம் கேளு, நான் நிறுத்தி நிதானமாச் சொல்றேன்.

— படம் பேரு என்ன? அதைச் சொல்லுங்க மொதல்ல.

— பேரு போட்ட ரீலையே எவனோ முழுங்கிட்டான். படப்பொட்டியத் தொறந்தா நேரா மழை, பங்களா. கொட்டகைக்காரரு தாவூது பாயிக்கே பேரு தெரியல. "மர்மப் படம்"னு தட்டியில எழுதி மாட்டுவண்டியில கட்டி, தமுக்கு அடிச்சு அனுப்பிட்டாரு.

— பேரில்லாத படம். ஊரு சனம் பூரா புதுப்படம் பாக்க புதுக்கோட்டைக்கு ஓடுது, நீங்க இங்கிட்டு டூரிங் கொட்டகையில தேஞ்ச படத்தை...

— தேஞ்சதுலதான்டா ருசி! புதுப்படத்துல என்ன இருக்கு? பாட்டு, அழுகை, கத்திச்சண்டை, கடைசியில கல்யாணம். பாதியில எழுந்திரிச்சு மூத்திரம் பேஞ்சுட்டு வந்தாலும் கதை அங்கனதான் நிக்கும். மர்மப் படத்துல அப்படி எழுந்திரிப்பியா? எழுந்திரிச்சா போச்சு. எவன் கொன்னான், எவன் பொய் சொல்றான்... கண்ணைச் சிமிட்டாமப் பாக்கணும்டா.

— கண்ணைச் சிமிட்டாம.

— ஆமா. பாயும் அதான் சொல்லுவாரு. "ரெங்கசாமி, மழை பேஞ்சா கூட்டம் வராது, அப்ப வாடகை கம்மியா இந்த மாதிரிப் பொட்டி எடுப்பேன். ஒனக்கோசரம்தான்யா எடுக்குறேன்"ன்னு. ரசிகன்னா நான் ரசிகன். இவனுங்க எல்லாம் விசிலடிக்க வாரவனுங்க.

— சரி, பெரிய ரசிகரு சொல்லுங்க. பங்களாவுல பெரியவரு செத்துக் கெடக்காரு...

— நாற்காலியில உக்காந்தபடியே. கண்ணு தொறந்தபடி. தோட்டக்காரன் வந்து "எசமான்"ங்குறான், "எசமான்"ங்குறான்... தலை சாயுது பாரு, எனக்குப் பின்னால ஒருத்தி "ஆத்தாடி"ன்னா. நானும் எத்தனை படம் பாத்திருக்கேன், இப்படி ஒரு சாவைப் பாத்ததில்ல.

— பகல் சீனா அது?

— பகல்தான். ஏன்?

— சும்மா கேட்டேன். மேல சொல்லுங்க.

— வீட்டுல இருக்குறது தம்பி, தம்பி பொண்டாட்டி, ஒரு டாக்டரு. டாக்டரு ஒருத்தன் வாரான் பாரு, வெள்ளக்காரன் கெட்டான்! ஒரு கையைக் கோட்டுப் பையிலயே போட்டுக்கிட்டு நடக்குறான். பேசுறப்பவும் பையில, டீ குடிக்கிறப்பவும் பையில.

— ஏன் பையில?

— ஸ்டைலுடா. ஒன்னை மாதிரி கையை வீசிக்கிட்டுத் திரிவானா டாக்டரு?

— ம். அப்புறம்?

— அப்புறம்தான் அந்த சீனு. மழை... இடி... லைட்டு போயிருச்சு. டக்... டக்... டக்னு செருப்புச் சத்தம். கதவு கிரீச்சுங்குது. அந்தக் கிரீச்சு இருக்கே, இப்ப நெனச்சாலும் மயிர் கூச்செறியுது. சாவிக் கொத்து கிலுக்குன்னுச்சு. தம்பி பொண்டாட்டி "ஐயோ"ன்னா. அவ்வளவுதான், விடிஞ்சுபோச்சு.

— யாரு நடந்தா?

— அதைக் காட்டிட்டா அப்புறம் என்னடா மர்மம்? இருட்டு! பிலிமு கன்னங்கரேல்னு ஓடுச்சு. அதான் ஐடியா. ஒன்னும் தெரியக்கூடாது, சத்தத்தை வச்சு நீயே நெனச்சுக்கணும்.

— மச்சான்... பெஞ்சுல உக்காந்தா பாத்தீங்க?

— பின்ன? ரெங்கசாமிக்குன்னு பின்வரிசையில பெஞ்சு இருக்கு. மிசினுக்குப் பக்கத்துல.

— தரையில இருந்தீங்க. திரைக்கு நேர கீழ, மணல்ல. கழுத்தை அண்ணாந்துக்கிட்டு.

— ...எவன் சொன்னான்?

— நானே பாத்தேன்.

— நீ பஸ்ஸுலதானேடா படுத்திருந்த? கலெக்சன் பையை வச்சுக்கிட்டு?

— பையைத் திருப்பதிகிட்டக் குடுத்துட்டு வந்தேன். பொம்பளைங்க பக்கம் தடுப்புத் தட்டி இருக்குல்ல, அது ஓரமா நின்னேன். படத்தையும் பாத்தேன், ஒங்களையும் பாத்தேன்.

— ஓ... வேவு பாக்க வந்தியா. நல்லாருக்குடா. ஒரு மனுசன் காத்தாட மணல்ல உக்காரக் கூடாதா? பெஞ்சுல மூட்டைப்பூச்சி.

— அந்த இருட்டு சீன்ல ஒரு கை வந்துச்சு மச்சான்.

— என்ன கை?

— சன்னல் வழியா நெலா வெளிச்சம் கொஞ்சம் விழுகுது. அந்த வெளிச்சத்துல ஒரு கை மெல்ல நீண்டு வந்து சாவிக் கொத்தை எடுக்குது. சுண்டு வெரலு பாதிதான் இருக்கு. அரை வெரலு. கொட்டகையே "ஓ"ன்னு கத்துச்சு.

— கத்துனானுங்க... இடி இடிச்சதுக்குக் கத்துனானுங்க.

— நீங்க பக்கத்துல இருந்தவன் தொடையத் தட்டி "என்னப்பா, என்ன"ன்னீங்க. அவன் "பேசாமப் படத்தைப் பாரும்யா"ன்னு கையத் தட்டி விட்டான். கடைசி சீன்லயும் அப்படித்தான். தம்பியைத் தூக்குல போட்டாச்சு. சாயந்தரம், இருட்டிக்கிட்டு வருது. டாக்டரு பங்களா வாசல்ல நிக்கிறான். பேச்சே இல்ல. மொத மொதலா கோட்டுப் பையிலருந்து அந்தக் கையை வெளிய எடுத்து, கேட்டைச் சாத்துறான். அரை வெரலு.

— டாக்டரா?

— டாக்டருதான். போலீசுக்குத் தெரியாது, கோர்ட்டுக்குத் தெரியாது. படம் பாத்தவனுக்கு மட்டும்தான் தெரியும். தூக்குல தொங்குனவன் ஒரு பாவமும் அறியாதவன்.

— அட... அடடா... அதான் பையில கை! டீ குடிக்கிறப்பக் கூட எடுக்கல பாரு! அடேயப்பா, என்ன மூளைடா அவனுக்கு, படம் எடுத்தவனுக்கு... மொத ரீல்லயே நம்ம மூஞ்சிக்கு முன்னால வச்சுட்டான், நாமதான் ஸ்டைலுன்னு நெனச்சுட்டோம். எம்புட்டுப் பெரிய படம்டா... கோர்ட்டுக்கும் தெரியாம... நான்... நான் அதைப் பாக்காமப் போயிட்டேனே மாப்ள.

— பாக்கத்தான் இருந்தீங்க.

— ம்.

— பாத்துக்கிட்டேதான் இருந்தீங்க. தெரியல.

— பழைய பிலிமு. பாயோட மிசினுல கார்பன் வெளக்கு மங்கல். அவருகிட்டச் சொல்லணும்...

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. ரீலு மாத்துறப்ப லைட்டைப் போட்டாத்தான் எழுந்திரிக்கிறீங்க. படம் விட்டு வாரப்ப எவன் தோள்லயாவது கையைப் போட்டுக்கிட்டு வாரீங்க. என் தோள்ல போட்டப்பல்லாம் பாசம்னு நெனச்சேன். அக்கா வாரம் தவறாம ஆட்டு ஈரல் வாங்குது. பொன்னாங்கண்ணிக் கீரை ஆயுது. எனக்கும் ஒரு தட்டுல வச்சுக் குடுத்துச்சு, நானும் தின்னுட்டு ஏப்பம் விட்டேன், கூறுகெட்ட பய.

— ஈரலு எனக்குப் புடிக்கும்.

— ஒங்களுக்கு ஈரலைக் கண்டாலே கொமட்டும் மச்சான். கல்யாணப் பந்தியிலயே எலையைத் தள்ளி வச்சீங்க, எங்க அப்பாரு கோவிச்சுக்கிட்டாரு.

— ...மாலைக்கண்ணுதான்டா. போதுமா? வைத்தியரு சொல்லிட்டாரு. ஊரைக் கூட்டித் தமுக்கு அடி, போ.

— அக்காவுக்குத் தெரியும்.

— ஈரல் வாங்குன்னு சொன்னதே அவதான். "வெளிய மூச்சு விடாதீங்க, லைசென்சு போச்சுன்னா நாலு பிள்ளையை வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்"னா. ஒங்க அக்கா அமிர்தவல்லி அழுது நீ பாத்திருக்கியா? நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

— எப்பருந்து?

— என்ன எப்பருந்து?

— கண்ணு. எப்பருந்து மங்குது?

— மாசியிலருந்து. மாசித் திருவிழாவுக்குப் போயிட்டு வாரப்பதான் மொத மொதல்ல... ராட்டினம் சுத்துது, சத்தம் கேக்குது, ராட்டினத்தைக் காணோம்.

— வல்லத்திராக்கோட்டை வெலக்கு ரோட்டுல, நம்ம பஸ்ஸுல அடிபட்டு அடைக்கலம் செத்தது வைகாசி. வைகாசி மச்சான்.

— மாசம் எனக்கும் தெரியும். பஞ்சாங்கம் படிக்கிறியா நீ?

— மசங்குற நேரம். சாயந்தர ட்ரிப்பு. பஸ்ஸுல இருந்த சந்தைக்காரங்க பூராத் தூக்கம். முன்னால முழிச்சிருந்தது நீங்களும் நானும்தான்.

— ஆமா. அதுக்கு?

— நாளைக்குக் காலையில புதுக்கோட்டைக் கோர்ட்டுல ஒங்க கேசுக்கு நான் சாட்சிக் கூண்டுல ஏறணும். அதுக்கு.

— ஏறு. போலீசுல சொன்னதையே சொல்லு. "சைக்கிளுல வெளக்கு எரியல, ஆள் வந்ததே தெரியல." முடிஞ்சுச்சு. இதுக்கு எதுக்குடா என்னைக் கூண்டுல ஏத்தி, சினிமாக் கதையெல்லாம் கேட்டு...

— மொதலாளி என்ன சொன்னாரு? கேசு முடிஞ்சதும்?

— பழைய லைனு திரும்பத் தாரேன்னாரு.

— சாயந்தர ட்ரிப்பு.

— ஆமா, சாயந்தர ட்ரிப்பு! பகல் ட்ரிப்புல பேட்டா கெடையாது, மருவாதை கெடையாது, செட்டியார் வீட்டுக் கல்யாணத்துக்கு எடுபிடி மாதிரி ஓட்டிக்கிட்டு இருக்கேன். சாயந்தர லைனு என் லைனு. அந்த ரோட்டுல பள்ளம் எது மேடு எதுன்னு என் குண்டிக்குத் தெரியும், கண்ணு எதுக்கு?

— ரோடு தெரியும். ரோட்டுல வாரவன்?

— வாரவன் வெளக்கோட வரட்டும்! லாரி வெளக்கு எனக்குத் தெரியுது. மாட்டுவண்டி லாந்தரு தெரியுது. இருட்டுதான்டா தெரியல, வெளிச்சம் தெரியும். கண்ணு அவிஞ்சா போச்சு?

— மச்சான், நான் ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு நீங்க சொன்ன மாதிரியே சொல்லிடுறேன். ஒரு வார்த்தை மாத்தல. ஆனா நீங்க ஸ்டியரிங்கை விட்டுருங்க. ஷெட்டுல வேலை கேப்போம். செக்கிங் வேலை கேப்போம். நான் மொதலாளி கால்ல விழுகுறேன்.

— ஷெட்டுல... டயருக்குக் காத்தடிக்கவா? இந்த ரெங்கசாமியா? பஸ்ஸு வருதுன்னா ஆரன் சத்தத்தைக் கேட்டே "ரெங்கசாமி வாரான்"னு குளத்தூர் வரைக்கும் சொல்லுவானுங்கடா.

— சொல்லுவாங்க. காத்தாயியும் சொல்லும்.

— அவ பேச்சை ஏன் எடுக்குற?

— புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குத் தெனம் வருது. அடைக்கலம் பொண்டாட்டி. ஏச மாட்டேங்குது, அழுக மாட்டேங்குது. படிக்கட்டுக்கிட்ட வந்து நின்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுது. "நான்தான் எண்ணெய் ஊத்தி, திரி தூண்டி, வெளக்கைப் பொருத்திக் குடுத்தேன் கண்டக்டரே. எரியலைன்னு சொல்லிட்டீங்களாமே"ன்னு. ஊருல எல்லாம் அவன் குடிச்சுட்டு வெளக்கில்லாமப் போயி பஸ்ஸுல விழுந்தான்னு பேசுறாங்களாம். "குடிக்காத மனுசன்யா"ங்குது.

— பாவம்தான். யாரு இல்லேன்னா? புருசனைப் பறிகுடுத்தவ அப்படித்தான் சொல்லுவா. பொருத்திக் குடுத்திருப்பா... காத்துல அணைஞ்சிருக்கும். மண்ணெண்ணெய் வெளக்குதானே, ஒரு காத்துக்குத் தாங்குமா?

— அன்னைக்குக் காத்தே இல்ல. வேர்த்து ஊத்துச்சு.

— அப்ப எண்ணெய் தீந்திருக்கும்! என்னடா வக்கீலு மாதிரி... ஒனக்கு என்ன வேணும் இப்ப?

— நீங்க ஓட்டக் கூடாது.

— ஓட்டுவேன்.

— இன்னொரு அடைக்கலம் வருவான் மச்சான்.

— வெளக்கோட வந்தா ஒதுங்குவேன்டா! நீ நெனைக்கிறியா எனக்கு நெஞ்சு இல்லைன்னு? டம்முன்னு ஒரு சத்தம்... அந்தச் சத்தம் இன்னும் இங்கன, இந்தக் காதுக்குள்ள இருக்கு. படத்துல கதவு சாத்துனாக் கூட அது மாதிரிக் கேக்குது. சோறு எறங்கல எனக்கு. குளிச்சாப் போகல. சாமி கும்புடப் போனா கை கூப்ப வரல. அப்பல்லாம் ஒண்ணே ஒண்ணைத்தான் நெனச்சுக்குவேன். என் கண்ணு மங்கல், சரி. ஆனா என் மாப்ளை கண்ணு நல்ல கண்ணு. அவன் படியில நின்னு பாத்துக்கிட்டு வந்தான். அவனுக்கே தெரியல. அப்ப எவன் ஓட்டியிருந்தாலும் அடிச்சுத்தான் இருப்பான். நல்ல கண்ணுக்காரன் ஓட்டியிருந்தாலும் அடைக்கலம் செத்துத்தான் போயிருப்பான். அது விதி, என் கண்ணு இல்ல... இப்படி நெனச்சாத்தான்டா எனக்கு உறக்கம் வருது.

— அப்படி நெனைக்காதீங்க மச்சான்.

— ஏன் நெனைக்கக் கூடாது? அதுதானே நெசம்?

— ட்ரிப்புக்கு நேரமாச்சு. தண்ணி ஊத்தணும் ரேடியேட்டருக்கு...

— இரு. எங்கிட்டுப் போற? ஒக்காரு. நீதான் ஆரம்பிச்ச, நீயே முடி. ஒங்க அக்கா தாலி மேல ஆணையா, நான் சாயந்தர லைனு எடுக்கத்தான் போறேன். வெளக்கு எரியலைன்னு நீ சொன்ன ஒரு சொல்லை வச்சுத்தான் எடுக்கப் போறேன்.

— அதை வச்சு எடுக்காதீங்கன்னுதானே சொல்றேன்...

— அப்ப என்னமோ இருக்கு. மூஞ்சியை ஏன் அங்கிட்டுத் திருப்புற? பகல்தானேடா இது, எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது. இங்க பாரு. வெளக்கு எரியல. ஒன் வாயால ஒரு தரம் சொல்லு, போதும். நாளைக்குக் கோர்ட்டுல சொல்லப் போறதைத்தானே கேக்குறேன்? சொல்லு நாகராசு.

— எரிஞ்சுச்சு மச்சான். அவன் தூரத்துல வாரப்பவே படியில நின்னு பாத்தேன், நீங்களும் பாத்திருப்பீங்கன்னு விசிலு அடிக்காம விட்டுட்டேன். எறங்கி ஓடுறேன், அவன் ஒரு பக்கம் கெடக்கான், சைக்கிளு ஒரு பக்கம் கெடக்கு, வெளக்கு மட்டும் அணையாம நின்னு எரியுது. எங்க அக்கா மொகம் கண்ணு முன்னால வந்துச்சு... குனிஞ்சு நான்தான் ஊதி அணைச்சேன்.